சாவியைக் கொடுங்க, செக் தர்றேன்!

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆகாயத்தில் வீட்டைத் தேடிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

அடுக்குமாடி வீட்டைக் கட்டும்போதே வாங்குவதா, கட்டி முடித்த பிறகு வாங்குவதா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் பேராசிரியர் ஒரு கணக்குச் சொன்னார். கட்டும்போது வாங்கினா 60 லட்சம், கட்டி முடிச்சா அதே வீடு 70 லட்சம், ஆக 10 லட்சம் மிச்சம்னார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். 10 லட்சம்னா சும்மாவா?

ஐயா, அந்தக் கணக்கையே நான் எடுத்துக்கிறேன். ஆனா பாதியிலே நிறுத்த மாட்டேன். கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விலையும் அளவும் குறைவான சின்ன வீடுன்னா 1 சதவீதம். 60 லட்சத்து வீடு சின்ன வீட்டுக் கணக்கில் வராது. ஆக 3 லட்சம் வரி. பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கின பிறகு விற்கிற வீட்டுக்கு இந்த வரியே கிடையாது. 10-ல் 3 போனா 7. வீடு வளர்ற வரைக்கும் நாம எங்கே இருப்போம்? வாடகை வீட்டிலே. மாசம் 15 ஆயிரம், மூணு வருஷத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 60 ஆயிரம். இதுவும் சொன்ன தேதியில் சாவி வந்தால்! ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும். வாடகை மட்டும் இன்னும் 1 லட்சத்து 80 ஆயிரம். பேராசிரியர் மிச்சம் பிடித்த 10 லட்சத்தில் ஒரு ரூபாய் இல்லை. மேலே 20 ஆயிரம் கடன்! (கைதட்டல்)

சொந்த வீட்டில் சொகுசாக இருந்துகொண்டு இரண்டாவது வீடு வாங்குகிறவர்களுக்காக நான் பேசவில்லை. அவர்களுக்கு எதிரணியே போதும்.

"கட்டி முடிச்ச வீட்டை வாங்கினவனும்தானே வட்டி கட்டுறான்? முழுக் கடனும் முதல் மாசமே ஆரம்பிக்குது, அவன் இன்னும் கூடுதலாகவே கட்டுறானே?" என்று நடுவர் கேட்கலாம். நியாயம்தான். ஆனா அவன் வீட்டுக்குள்ளே ஃபேன் போட்டு உட்கார்ந்துக்கிட்டு வட்டி கட்டுறான். இவன் வெளியே வெயிலில் நின்னு, மூணாவது மாடிக்குச் சென்ட்ரிங் அடிச்சாச்சான்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே வட்டி கட்டுறான். ஒரு சம்பளத்தில் ரெண்டு வீட்டுக்குப் பணம் கட்டுகிற குடும்பத்தில் ராத்திரி என்ன பேச்சு நடக்கும்னு இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேளுங்க. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பி.எஃப். பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டினார். ஒவ்வொரு தை மாசமும் அவர் மனைவி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஏங்க, இந்தத் தையிலாவது பால் காய்ச்சிடுவோமா?" மூணு தை போய்விட்டது. அந்தம்மா இப்போ கேட்கிறதில்லை.

1988-ல் பாலுமகேந்திரா அவர்கள் எடுத்த 'வீடு' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் தாத்தாவாக வருவார் சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பி நிற்கிற வீட்டை அவர் மட்டும் தனியாகப் போய்ப் பார்ப்பார். பூசாத சுவரை ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார். திரும்பும் வழியிலேயே உயிர் போய்விடும். அது மனையில் தனியாகக் கட்டுகிற வீடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனா வயசான மனுஷனுக்குச் செங்கல்லும் சிமெண்டும் மட்டுமா கணக்கு? காலமும் கணக்குதானே ஐயா! 30 வயசுக்காரர் இரண்டு வருஷம் காத்திருக்கலாம். 68 வயசுக்காரரை எதை நம்பிக் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

"சட்டம் இருக்கு, ரேரா இருக்கு" என்றார் எதிரணி அம்மா. இருக்கிறது. 2016-ல் வந்த நல்ல சட்டம். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்துக்கே செலவழிக்கணும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. தாமதமானால் வட்டி தரணும். ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் கட்டினவரே சரிசெய்யணும். எல்லாம் சரி. ஆனா அம்மா ஒன்றை விட்டுவிட்டாங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில், எட்டு வீட்டுக்கு மேற்படாமல் கட்டினால் ரேராவில் பதிவு செய்யவே வேண்டாம்! ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ரெண்டு கிரவுண்டு சேர்த்தாலும் 446 சதுர மீட்டர்தான். நம்ம தெருவில் பழைய வீட்டை இடிச்சுட்டு எட்டு பிளாட் கட்டுறாங்களே, அதுக்கு அந்தப் பதிவு எண் இருக்கணும்னு கட்டாயமில்லை. நடுத்தரக் குடும்பம் வாங்குறது பெரும்பாலும் அந்த மாதிரி வீட்டைத்தானே!

பெரிய திட்டமா இருந்தா? நொய்டாவில் ஒரு பெரிய நிறுவனத்தை நம்பி 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். அந்தப் பணம் வேறு எங்கெங்கோ போனது. 2019 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, ஓர் அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கட்டி முடிக்கச் சொன்னது. நீதி கிடைத்தது, மறுக்கவில்லை. அதுவரை அத்தனை வருஷ வாடகையை யார் கொடுத்தது? தீர்ப்பு நகலைக் காட்டினா பூட்டு திறக்குமா?

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, மழை பெய்த சாயங்காலம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர் போனது. பக்கத்தில் அதே வளாகத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதைச் சொல்லி நான் பயமுறுத்தவில்லை. "கண்ணெதிரே அஸ்திவாரம் போடுவதைப் பார்த்து வாங்கலாம்" என்று பேராசிரியர் சொன்னாரே, அதற்காகச் சொல்கிறேன். பார்த்தா நமக்கு என்னய்யா தெரியும்? நான் பார்த்தா கம்பி தெரியும், ஜல்லி தெரியும். எத்தனை கம்பி குறையுதுன்னு தெரியுமா?

கட்டி முடிச்ச வீட்டில் எனக்கே தெரியும். ஒரு மழை நாளில் போனா போதும். ஓதம் ஏறின சுவர் தெரியும். குழாயைத் திறந்தா தண்ணி வருதான்னு தெரியும். வாசலில் லாரி நின்னா, தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு தெரியும். (சிரிப்பு) முதல் மாடிக்காரம்மாவிடம் "2015 டிசம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023 டிசம்பர்ல?" என்று கேட்டால், கையைச் சுவரில் வைத்துக் காட்டுவாங்க. புதுக் கட்டடமா இருந்தா பக்கத்து வீட்டுக்காரர் காட்டுவார். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு பார்க்கிறவர்களுக்கு அந்தக் கை காட்டுகிற உயரத்தைவிடப் பெரிய ஆவணம் இல்லை. வழவழ விளம்பரப் புத்தகத்தில் அது இருக்குமா? அதில் நீச்சல் குளம்தான் இருக்கும். மழை பெய்தால் அது நம்ம ஹாலுக்கே வரும் என்று போட மாட்டாங்க!

மாதிரி வீடு என்று ஒன்று காட்டுவாங்க. போய்ப் பாருங்க, கதவே இருக்காது. கதவு வச்சா அறை சின்னதாத் தெரியும்! கட்டிலைப் பார்த்தா ஆறு வயசுப் பையன்தான் காலை நீட்டலாம். பக்கத்தில் ஆள் உயரக் கண்ணாடி. அது தெரியாமல் எங்க வீட்டு அம்மா, "அந்த ரூமும் நமக்குத்தானாங்க?" என்று கேட்டாங்க. (பலத்த சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா, முடிச்சுடறேன். வீடு பிடிச்சிருந்தா தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வக்கீல் கையில் கொடுங்க. எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடின்னா, பணி நிறைவுச் சான்றிதழ் எங்கேன்னு நீங்களே வாய் திறந்து கேளுங்க. அது இல்லாமல் "வேலை முடிஞ்சுபோச்சு சார், பெயிண்ட் மட்டும் பாக்கி" என்றால், அது எதிரணி வீடு, நம்ம வீடு இல்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் ஒரே கேள்வி. போன மாசம் நீங்க குடிபோன வீட்டுக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டீங்க. வந்தேன், வடை பிரமாதம். அந்த வீட்டை நீங்க எப்போ வாங்கினீங்கன்னு இந்த மேடையில் சொல்லுங்க ஐயா!

(பலத்த கைதட்டல்)