போட்டு வாறன்



தனிச்சொல்லுக்குப் பொருளுண்டு. சொற்கள் சேர்ந்து மரபுத்தொடராகி விட்டால் அப்பொருள் பின்னே ஒதுங்கிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவர் புறப்படுகையில் ‘போறன்’ என்று சொல்லமாட்டார், அது அமங்கலம். ‘போட்டு வாறன்’ என்பார். அவர் திரும்பி வருவாரா என்று எவரும் கேட்பதில்லை. விடைபெறுகிறார் என்பதே பொருள். செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதை நன்னூல் உரைகாரர் மங்கலம் என்னும் தகுதி வழக்கிற்கு உதாரணங் காட்டுவர். துஞ்சுதல் என்றால் உறங்குதல். நமது தொடரும் அவ்வகையினதே.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் மழையிலே, செம்மணி வெளியூடாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஊரைவிட்டு வர மறுத்த முதியவர்களிடம் பிள்ளைகள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? ‘போட்டு வாறம்.’ அன்று ‘வாறம்’ என்ற சொல் தன் சொந்தப் பொருளை மீளப் பெற்றது, வாக்குறுதியாயிற்று. 1996 இல் பலர் அதைக் காப்பாற்றினர். திரும்பி வராதோரும் உளர்.

மரபுத்தொடருக்குள் சொற்பொருள் சாவதில்லை. உறங்கிக் கிடக்கிறது, வாழ்க்கை தட்டும்போது விழிக்கிறது.

நேயர்களே, போய் வருகிறேன்.