மிளகாய்ப் பொடியும் நாலு பங்கும்

வீரசோழன் வாரச்சந்தையில் மிளகாய்ப் பொடி வாங்கும்போது நிறத்தைப் பார்ப்போம்; கொஞ்சம் மோந்தும் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அது போதாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மாதிரிக்கு எடுக்கும் பொடிக்கு அவர் கடைக்காரரிடம் காசு கொடுத்தாக வேண்டும். சாட்சியைக் கூப்பிட்டு, பொடியை நாலு பங்காக்கி, சீல் வைத்து, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும். 14 நாளில் அறிக்கை வர வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கலப்பட வழக்கு ஆட்டம் காணும். வேண்டுமென்றே தொல்லை கொடுத்தார் என்று தெரிந்தால் அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்! பயிற்சி கொடுக்காமல் ஒருவரை இந்த வேலைக்கு அனுப்பினால் அவருக்கும் வம்பு, வியாபாரிக்கும் வம்பு.

பயிற்சி மட்டும் போதாது, பணமும் வேண்டும்: மாதிரி வாங்க, வண்டிக்கு டீசல் போட, ஆய்வகம் நடத்த. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு நடமாடும் ஆய்வக வண்டிகளைக் கொடுக்கிறது. பால், எண்ணெய், மசாலாவை நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். அது முதல்கட்டச் சோதனைதான். வழக்குக்கு ஆய்வக அறிக்கையே வேண்டும். ஆனாலும் நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துச் சந்தைகளுக்கு அந்த வண்டி அடிக்கடி வந்தால், நம் வீட்டு எண்ணெயையும் கொண்டுபோய்க் காட்டலாமே.