கத்துறது பெல்ட்டா, புல்லியா?

காலையில ஸ்டார்ட் பண்ணதும் 'கீச்'னு சத்தம். உடனே பெல்ட்டை மாத்திடாதீங்க. நான் மாத்தினேன், மூணே நாள்ல சத்தம் திரும்ப வந்துடுச்சு.

இன்ஜின் ஐடில்ல ஓடும்போது, கையைத் தள்ளி வச்சுக்கிட்டே, பெல்ட்டோட வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க. சத்தம் சில நொடி அடங்கித் திரும்ப வந்தா, ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டுல இல்ல. சத்தம் கூடினா பெல்ட் வழுக்குது, டென்ஷனரைப் பாருங்க.

தண்ணிக்கு அசையாம கரகரன்னே கேட்டா, பேரிங் மேல சந்தேகப்படலாம். இன்ஜினை அணைச்சு, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழட்டி, ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்திப் பாருங்க. எனக்கு ஐட்லர் புல்லி, மணல் அரைக்கிற மாதிரி சுத்துச்சு.

தள்ளிப்போடாதீங்க. பல வண்டிகள்ல வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டுலதான் ஓடுது. ஹைவேல அறுந்தா பேட்டரி மட்டுமில்ல, இன்ஜினே சூடாகிடும்.

அந்தப் பழைய பெல்ட்? டிக்கில கிடக்கு. ஒரு குறையும் இல்ல அதுக்கு.