முதலில் ஈறு, பிறகு அழகு



காலையில் பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் தெரிகிறதா? வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. சத்தமில்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடும்.

இப்போது நாற்பது, ஐம்பது வயதிலும் பலர் பல்லுக்குக் கிளிப் போடுகிறார்கள், கேப் போடுகிறார்கள், வெண்மையாக்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதலில் ஈறு, பிறகு அழகு.

ஓதம் ஏறிய சுவருக்குப் பெயின்ட் அடித்தால் எத்தனை நாள் நிற்கும்? அப்படித்தான் இதுவும். வீங்கிய ஈறு குணமானதும் சுருங்கும். முன்பே போட்ட கேப்பின் ஓரம் வெளியே தெரியும். நோயுள்ள ஈறோடு கிளிப் போட்டு இழுத்தால், எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

“க்ளீன் பண்ணினால் பல் ஆடும்” என்பார்கள். தவறு. பல்லை ஆட வைப்பது ஈறு நோய்தான். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகைபிடிப்பவருக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது.

ஆகவே, அழகுக்காகப் பல் மருத்துவரிடம் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “டாக்டர், என் ஈறு எப்படி இருக்கிறது?”