துணியின் நிறை



‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. அந்த ஆடையின் மார்பிலே ஒரு பாடசாலையின் சின்னமோ ஒரு சங்கத்தின் பெயரோ பொறிக்கப்பட்டுவிட்டால், அது ஒருவருக்கு மாத்திரம் உரிய ஆடையாக இருப்பதில்லை. அணிந்தவரோடு அந்தப் பாடசாலையும் சங்கமும் வீதியிலே நடக்கின்றன. இத்தகைய ஆடையைத் தைப்பிக்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், எழுத்தைப் பார்க்கிறோம், விலையைப் பேசுகிறோம். துணியின் நிறையைக் கேட்பவர் மிகச் சிலர். அதனைக் கேட்பது ஏன் இன்றியமையாதது என்பதே இன்றைய பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கண்டி மாவட்டத்திலே தேயிலை மலைகளின் நடுவேயுள்ள ஒரு பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சென்றிருந்தேன். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம். எல்லாச் சட்டையிலும் பாடசாலைச் சின்னம். காலை வெயிலிலே கண்ணுக்கு விருந்தாக இருந்தது. பத்து மணியளவில் மலைச் சாரல் விழுந்தது. மஞ்சள் இல்லத்துச் சிறுமியர் சிலர் ஓடுகளத்துக்கு வர மறுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு கொட்டகையிலே ஒதுங்கி நின்றனர். நனைந்த மெல்லிய துணி உடலோடு ஒட்டி உள்ளிருப்பதைக் காட்டியது. ஒரு தாய் தம் தோளிலிருந்த துவாயை எடுத்து மகளுக்குப் போர்த்தினார். அந்தச் சட்டைக்கு அவர் கொடுத்த பணம் கொழுந்து பறித்துப் பெற்ற கூலி. பல வாரம் பழகிய பிள்ளை ஓடாது நின்றதற்குக் காரணம் அச்சமன்று, துணியின் நிறைக்குறைவே.

அப்படியாயின், நிறை என்பது யாது? ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட துணி எத்தனை கிராம் நிற்கிறதோ, அதுவே அத்துணியின் நிறை. வணிகர் இதனை ‘ஜீ.எஸ்.எம்.’ என்பர். பழைய கணக்கிலே சதுர யாருக்கு இத்தனை அவுன்சு என்று சொல்லுவதும் உண்டு. சதுர யாருக்கு ஓர் அவுன்சு என்பது சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 34 கிராமுக்குச் சமம்.

இந்த எண் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1978இல் கட்டுநாயக்கவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையல் இயந்திரங்களைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசென்றது. இன்று கைத்தொழில் ஏற்றுமதியிலே ஆடையே முதலிடம் வகிக்கிறது. கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலையிலும் ஆடை தைக்கப்படுகிறது. அயல்நாட்டார் நமக்குத் தரும் கட்டளைத் தாளிலே துணியின் நிறை தவறாது குறிக்கப்படும். பிறருக்குத் தைக்கும்போது நாம் நாள்தோறும் காணும் எண்ணை, நம் பிள்ளைகளுக்குத் தைப்பிக்கும்போது மட்டும் கேளாது விடுகிறோம்!

கேளாதுவிட்டால் யாருக்கு இலாபம் என்பதையும் பாருங்கள். பின்னற்றுணி பெரும்பாலும் கிலோக் கணக்கிலே விலைபோகிறது. ஒரு கிலோத் துணி 180 கிராம் நிறையுடையதாயின் ஐந்தரைச் சதுர மீற்றர் வரும். 140 கிராமாயின் ஏழு சதுர மீற்றருக்கு மேல் வரும். வளர்ந்தவர் ஒருவரின் சட்டைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மீற்றர் வேண்டும் எனக் கொண்டால், இருநூறு சட்டையிலே மிஞ்சுவது பத்துக் கிலோத் துணி. அது விற்பவரின் கையிலே நிற்கும். மெல்லிய துணி என்று சொல்லியே குறைந்த விலைக்குத் தருபவரிடம் குற்றமில்லை. சொல்லாமல் தந்தால், கேளாத நமக்கும் அதிலே பங்குண்டு.

இனி, எதற்கு எவ்வளவு வேண்டும்? பின்னற்றுணியாலான சாதாரண ரீசேட் 130 கிராம் முதல் 200 கிராம் வரையிலே கிடைக்கிறது. 150க்குக் கீழே மெல்லியது. ஒரு நாள் ஊர்வலத்துக்குப் போதும். 160 முதல் 190 வரை நடுத்தரம். பலமுறை துவைத்து உடுத்தத் தக்கது. கழுத்துப்பட்டி வைத்த குழிப்பின்னற் சட்டைக்கு 200 முதல் 240 வரை வழக்கம். குளிருக்கான தடித்த மேற்சட்டை 280க்கு மேலே போகும். நெசவுத் துணியிலே கணக்கு வேறு: மெல்லிய ‘பொப்ளின்’ சட்டை 110, 120 கிராமிலேயே உறுதியாக நிற்கும், வேலைக்கான ‘ட்ரில்’ காற்சட்டைக்கு 200க்கு மேல் வேண்டும்.

ஆயினும் கனத்ததெல்லாம் நல்லது என்று எண்ணிவிடலாகாது. கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலே இருக்கிறது. பகலிலே வெம்மை, காற்றிலே எப்பொழுதும் ஈரம். இங்கே 240 கிராம் பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்து, மழைக் காலத்திலே கொடியில் இரண்டு நாளும் உலராது கிடக்கும். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ அதே சட்டை காலைக் குளிருக்கு இதமாயிருக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவிலே வெயிலில் வடம் பிடிப்பவருக்கு வேண்டிய துணி ஒன்று. குளிர்மலைப் பாடசாலை மாணவருக்கு வேண்டியது வேறொன்று.

சின்னம் பொறிக்கும் முறையும் நிறையைத் தீர்மானிக்கும். மைகொண்டு அச்சிடுவதை மெல்லிய துணி தாங்கும். நூலால் நெருக்கமாகத் தைக்கும் சின்னத்தை அது தாங்காது; துணி சுருங்கி இழுபடும். சில மாதத்திலே சின்னத்தைச் சுற்றித் துளை விழும். சின்னம் புதிதாகவே இருக்க, சட்டை கிழிந்துபோகும்.

நிறையை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. அலுவலகத்திலே வழங்கும் ‘ஏ-4’ தாள் ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒரு பங்கு. பொதியின்மேல் 80 கிராம் என்றிருந்தால் ஒரு தாள் 5 கிராம் நிற்கும். மாதிரித் துணியை அத்தாளின் அளவுக்கு வெட்டித் தராசின் ஒரு தட்டிலே வையுங்கள். மறு தட்டிலே இரண்டு தாள் வைத்துச் சமநிலை வந்தால் துணி 160 கிராம். இரண்டரைத் தாள் வேண்டியிருந்தால் 200 கிராம். நுட்பமாக அறிய விரும்பினால், பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரமாக ஒரு துண்டு வெட்டிப் பொற்கொல்லரின் தராசிலே நிறுத்து, வந்த கிராமை நூறால் பெருக்குங்கள்.

நிறுக்குமுன் ஓர் எச்சரிக்கை. கஞ்சியேற்றிய துணி கனமாகத் தோன்றும். ஆதலின் பெரிய துண்டொன்றை நிறுத்து, துவைத்து, நன்றாக உலர்த்தி மறுபடியும் நிறுங்கள். குறைந்தது கஞ்சியின் நிறை. பக்கங்களையும் அளவுகோலால் அளவுங்கள்; எவ்வளவு சுருங்கும் என்பது அப்பொழுதே தெரியும். பருத்தி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மழைநாளிலே சற்றுக் கூடுதலாகவே நிற்கும். பொலியெஸ்ரரிலே அவ்வேறுபாடு மிகச் சிறிது. நிறை ஒன்றே தரமாகாது என்பதையும் மறவாதீர்கள். முரட்டு நூலைத் தளர்வாகப் பின்னியும் 180 கிராம் ஆக்கலாம்; நல்ல நூலை நெருக்கமாகப் பின்னியும் ஆக்கலாம். வெளிர்நிறத் துணியை ஈரமாக்கி, கையை அடியிலே வைத்து, வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பதே முடிவான சோதனை.

நான் சொன்ன பாடசாலை மறு ஆண்டு மஞ்சள் நிறத்தை மாற்றவில்லை, துணியையே மாற்றியது. பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த துணி, 180 கிராம் என்று கட்டளைத் தாளிலே எழுதி வாங்கினார்கள். வந்த பொதியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து ஆசிரியர் நனைத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டைக்கும் விலை சற்றுக் கூடியதுதான். அந்த ஆண்டும் தூறல் விழுந்தது. சிறுமியர் ஓடினார்கள்.

நிறை என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே பாரம் என்ற பொருளோடு மனத்திண்மை என்ற பொருளும் உண்டு. நம் பெயரைப் பொறித்துப் பிறர் உடலிலே அணிவிக்கும் துணிக்கு இரண்டும் வேண்டும். அடுத்த முறை சட்டை தைப்பிக்கச் செல்லும்போது, விலையைக் கேட்குமுன் நிறையைக் கேளுங்கள்.