கப்பலின் கடைசி மின்சாரம்



தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் 'ரஜுலா' என்ற பெயர் உடனே வாயில் வரும். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் நம்மவரை ஏற்றி வந்த கப்பல் அது. நடுக்கடலில் அப்படியொரு கப்பலுக்கு ஆபத்து வந்தால், கரைக்கும் மற்றக் கப்பல்களுக்கும் சொல்ல இருந்த வழி கம்பியில்லாத் தந்தி ஒன்றே. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

கப்பலின் மின்னாக்கி அடித்தளத்து இயந்திர அறையில் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் அங்கே தண்ணீர் புகுந்துவிடலாம். தீப்பிடித்தாலும் அங்கே ஆள் நிற்க முடியாது. முன்பெல்லாம் நம் தோட்டங்களில் இரவு இஞ்சினை நிறுத்தியதும் லயமே இருண்டுவிடும்; ஆனால் மின்கலம் போட்ட வானொலிப் பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். கப்பலிலும் இதே சூட்சுமந்தான். தந்திக் கருவிக்கென்று தனிப் பாட்டரி. அதுவும் கப்பலின் மேல்தளத்தில்.

1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கில் பாட்டரி இல்லை என்று சிலர் சொல்வது சரியன்று. தந்தி அறையில் அவசரக் கருவி இருந்தது. ஆயினும் இயந்திரப் பொறியாளர்கள் கடைசிவரை மின்னாக்கியை ஓடவைத்ததால் பெரிய கருவியே பேசிற்று. அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்வாண்டே அமெரிக்கா, கப்பலின் மின்னாக்கியைச் சாராமல் நான்கு மணி நேரம் தந்தி பேசத் தனி மின்சாரம் வேண்டும் என்று சட்டம் செய்தது. அனைத்துலக உடன்படிக்கைகள் பின்னர் அதை ஆறு மணி நேரமாக்கின.

பாட்டரியை வைத்துவிட்டால் மட்டும் போதாது, வளர்க்க வேண்டும். லாரியில் இருப்பது போன்ற ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்டதுதான் அதுவும். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஆகவே காற்றோட்டம் வேண்டும், பீடி கூடாது. இன்னொன்று: சும்மா இருக்கும்போது கிழட்டுப் பாட்டரியும் நல்லதைப் போலவே அளவு காட்டும். கருவியை ஓடவிட்டுப் பார்த்தால்தான் அதன் சாயம் வெளுக்கும். அதனால்தான் கப்பலில் நாள்தோறும் இரண்டு விதமாகவும் அளந்து ஏட்டில் குறிக்கிறார்கள்.

1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்களில் மோர்ஸ் தந்தியின் இடத்தைச் செயற்கைக்கோளும் வானொலிப் பேச்சும் பிடித்துக்கொண்டன. தகுதியான அவசர மின்னாக்கி உள்ள கப்பலில் பாட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் போதும். இல்லாவிட்டால் அதே ஆறு மணி நேரம். தீர்ந்த பாட்டரியைப் பத்து மணி நேரத்துக்குள் மீண்டும் நிரப்பவும் வசதி இருக்க வேண்டும்.

கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னொரு சிறு பெட்டியையும் தெரிந்துகொள்ளலாம். கப்பல் மூழ்கினால் அது தானே கழன்று மிதந்து, செயற்கைக்கோளுக்குக் குறைந்தது 48 மணி நேரம் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. மாற்ற வேண்டிய தேதி பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும்.