தீர்ப்பாளர்களைத் தன்னுள் வைத்திருக்கும் நாடகம்



ஷேக்ஸ்பியரின் ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தைப் படித்தவர்கள் நானூறு ஆண்டுகளாக ஓர் அணியில் நின்றதே இல்லை. 1765இல் ஷேக்ஸ்பியர் பதிப்பை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், நிகழ்ச்சிகளின் வேகம் ஆர்வத்தைத் தளரவிடவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பாத்திரங்கள் தனித்தனியே துலங்கவில்லை, கிளியோபாட்ராவின் சாகசங்களில் சில மிகக் கீழானவை என்று குறைபட்டார். 1817இல் எழுதிய வில்லியம் ஹாஸ்லிட்டுக்கும் அவள் குற்றங்கள் மன்னிக்க முடியாதவையாகத்தான் பட்டன. எனினும் அவள் சாவின் மாண்பு அவற்றை ஏறக்குறையத் துடைத்துவிட்டது என்றார். 1901இல் பெர்னார்ட் ஷா இருவரையும் தாண்டிச் சென்றார். மோகத்தில் சிதைந்த ஒரு படைத்தலைவனையும் அவனைச் சிதைத்தவளையும் உள்ளபடியே காட்டிவிட்டு, கடைசியில் சொல்வளத்தைக் கொட்டி அவர்களுக்கு உன்னதம் பூசியது பொறுக்க முடியாத பொய் என்று சீறினார். மூவரும் தேர்ந்த வாசகர்கள். மூவரும் படித்தது 1623ஆம் ஆண்டின் முதல் பெருந்தொகுப்பில் அச்சேறிய அதே நாடகத்தை. ரசனை பலவிதம் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்த வாசகர்கள் வழங்கிய தீர்ப்பு ஒவ்வொன்றும், நாடகத்துக்குள் ஒரு பாத்திரம் முன்பே வழங்கிவிட்ட தீர்ப்பு. அந்தப் பாத்திரத்தின் பார்வை எந்த இடத்தில் தோற்கிறது என்பதையும் நாடகமே காட்டிவிடுகிறது. இன்றைய உரையில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

நாடகம் காதலர்களோடு தொடங்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லும் ஒருவனோடு தொடங்குகிறது. ஃபைலோ என்ற ரோமானியப் படைவீரன், தன் தலைவன் ஓர் எகிப்தியப் பெண்ணின் இச்சைக்குப் பணியாளாகிவிட்டான் என்று நண்பனிடம் வெறுப்போடு சொல்கிறான். காதலர் மேடைக்கு வரும்போது, நன்றாகப் பார், நான் சொன்னது விளங்கும் என்கிறான். பார்வையாளருக்கு முதலில் கிடைப்பது காட்சி அல்ல, காட்சியை எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கட்டளை. அடுத்த கணமே ஆண்டனி, காதலுக்கு அளவு கேட்பதே தவறு என்ற பொருளில் பேசத் தொடங்குகிறான். ஃபைலோவின் அளவுகோல் அங்கேயே ஆட்டம் காண்கிறது, ஆனால் முறிந்துவிடவில்லை. பிறகு ரோமில் ஆக்டேவியஸ் சீசர் ஆண்டனியின் குடியையும் கூத்தையும் பட்டியலிடுகிறான். அதே மூச்சில், மோடெனாவில் தோற்றுப் பின்வாங்கியபோது குதிரை மூத்திரம் குடித்தும் தாக்குப்பிடித்த அவனது உரத்தை நினைத்துப் பெருமைப்படுகிறான். எதிரியின் தீர்ப்பே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இன்னொரு காட்சியில், ஆண்டனி சீசரின் சகோதரி ஆக்டேவியாவை மணந்த செய்தியைக் கொண்டுவந்த தூதனைக் கிளியோபாட்ரா அடித்து விரட்டுகிறாள். மறுமுறை அவளிடம் வரும்போது அவன் பாடம் கற்றிருக்கிறான்: ஆக்டேவியா குள்ளம், குரல் தாழ்ந்தது, நடையில் உயிர்ப்பில்லை என்று அரசி கேட்க விரும்பியதையே சொல்கிறான். ஜான்சன் எந்தச் சாகசங்களைக் கீழானவை என்றாரோ, அவற்றுள் இந்தக் காட்சியும் இருக்கலாம். ஆனால் ஒருவரைப் பற்றிய சாட்சியம் யாருடைய அச்சத்தில், யாருடைய ஆசையில் உருவாகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி இந்நாடகத்தில் வேறில்லை. ஜேனட் அடல்மன் 1973இல் வெளியிட்ட நூலில், சான்றுகள் எப்போதும் ஐயத்துக்குரியவையாக இருப்பதே இந்நாடகத்தின் இயல்பு என்று காட்டினார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஐயம் நாடகத்தோடு நிற்காமல் அதன் வாசகர்களின் வரலாற்றுக்குள்ளும் தொடர்கிறது என்பது நான் சேர்ப்பது.

இங்கே ஒரு தடை எழும். இந்த இரட்டைத்தன்மை வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கிடமே இருக்கிறது, ஷேக்ஸ்பியர் அதைப் படியெடுத்தார், அவ்வளவுதான் என்று சொல்லலாம். கதையின் பெரும்பகுதி புளூட்டார்க்கைத் தாமஸ் நார்த் 1579இல் மொழிபெயர்த்த நூலிலிருந்து வந்தது என்பது உண்மை. சிட்னஸ் ஆற்றில் மிதந்து வரும் கிளியோபாட்ராவின் படகு, ஊதா நிறப் பாய், வெள்ளித் துடுப்பு எல்லாமே அங்கே உள்ளன. ஆனால் எதை எடுத்தார் என்பதைவிட எங்கே மாற்றினார் என்பதே நமக்கு வேண்டியது. புளூட்டார்க்கில் அந்தப் படகை வருணிப்பவர் வரலாற்றாசிரியர். ஷேக்ஸ்பியர் அதை ஈனோபார்பஸ் என்ற ஆண்டனியின் முரட்டுப் போர்வீரனின் வாயில் வைக்கிறார். மயங்கக் கூடாதவன் மயங்கிப் பேசும்போதுதான் அந்த மயக்கத்துக்குச் சாட்சி மதிப்பு வருகிறது. மூலத்தில் இந்த ஈனோபார்பஸ் சில வரிகளில் வந்துபோகும் ஆள்: காய்ச்சலோடு, சீசருக்கு எதிரான ஆக்டியம் கடற்போருக்கு முன்பே கட்சி மாறுகிறான், ஆண்டனி அவன் உடைமைகளை அனுப்பிவைக்கிறான், அவன் இறக்கிறான். நாடகத்திலோ அவன் முதன்மையான விமர்சகன். அவன் பிரிவு ஆக்டியம் தோல்விக்குப் பின் நிகழ்கிறது. அவன் சாவுக்குக் காரணம் காய்ச்சல் இல்லை. இதனினும் முக்கியமான மாற்றம் செல்யூகஸ் காட்சியில் இருக்கிறது. கிளியோபாட்ரா தன் செல்வத்தில் பாதியை மறைத்துவிட்டாள் என்று அவள் கருவூலக்காரன் செல்யூகஸ் சீசரிடம் காட்டிக்கொடுக்கிறான். அவள் வாழ விரும்புகிறாள் என்று சீசர் நம்பிப் போனான், உண்மையில் ஏமாந்தது அவன்தான் என்று புளூட்டார்க் வாசகருக்கு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். ஷேக்ஸ்பியர் காட்சியை வைத்துக்கொண்டு விளக்கத்தை நீக்கிவிட்டார். அவள் நடிக்கிறாளா, உண்மையிலேயே உயிருக்கு மன்றாடுகிறாளா என்று முடிவு செய்யும் சுமை அன்றிலிருந்து ஒவ்வொரு வாசகர் தலையிலும் ஏறியிருக்கிறது. இதைப் படியெடுத்தல் என்று சொல்ல முடியாது.

அந்தச் சுமையைத் தாங்க முடியாதவர்கள் நாடகத்தையே திருத்தினார்கள். 1677இல் அரங்கேறிய ஜான் டிரைடனின் ‘எல்லாம் காதலுக்காக’ இந்தத் திருத்தத்தின் உச்சம். உலகெங்கும் அலையும் கதையை அவர் அலெக்சாந்திரியாவில் கடைசி ஒரு நாளுக்குள் அடக்கினார். கிளியோபாட்ராவைக் கபடமற்ற காதலியாக்கினார். ஆக்டேவியாவை இரண்டு சிறு பெண்குழந்தைகளோடு அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார். முறையற்ற காதல், அதற்கேற்ற முடிவு என்று தம் முன்னுரையில் தீர்ப்பும் எழுதிவைத்தார். அழகான நாடகம்தான், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆங்கில மேடை அதையே விரும்பியது. டேவிட் கேரிக் 1759இல் மூலத்தை மேடையேற்றியபோது ஆறு முறைக்கு மேல் நடக்கவில்லை. 1849இல் சாமுவேல் ஃபெல்ப்ஸ் தைரியமாக மீட்டெடுக்கும் வரை டிரைடனின் நிழலே மேலோங்கியிருந்தது. பார்வையாளர் விரும்பியது காதலர்களை என்பதைவிட, காதலர்களைப் பற்றிய ஒரு முடிவை என்று கொள்வதே பொருத்தம்.

இனி கடினமான தடைக்கு வருகிறேன். எல்லாத் தீர்ப்பும் நாடகத்துக்குள்ளேயே இருக்கிறது என்றால், எல்லாத் தீர்ப்பும் சரி என்றாகிவிடாதா? விமர்சனத்துக்கு என்ன வேலை? இதற்கு ஈனோபார்பஸின் முடிவிலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன். ஆண்டனி தோற்றுவிட்டான், அவன் வீரம் அவன் அறிவைத் தின்றுவிட்டது என்ற அவன் கணிப்பில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கணிப்பின்படியே சீசரிடம் போகிறான். ஆண்டனி அவன் செல்வத்தையெல்லாம் வாழ்த்தோடு பின்னால் அனுப்பிவைக்கிறான். தன் கணிப்பு சரியென்று தெரிந்தும், தான் செய்தது பிழை என்று உணர்ந்து, நிலவைப் பார்த்துப் பேசியபடியே அவன் செத்துப்போகிறான். நாடகம் தீர்ப்புகளைச் சமமாக்கவில்லை. ஒரு தீர்ப்பு எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சோதிக்கிறது. விமர்சகர்களையும் இப்படிச் சோதிக்க முடியும். லிண்டா ஃபிட்ஸ் 1977இல் எழுதிய கட்டுரை அதைச் செய்தது. ஆண்டனியின் நோக்கங்கள் கலங்கியிருந்தால் அதை அவன் மனிதத்தன்மை என்றும், கிளியோபாட்ராவின் நோக்கங்கள் கலங்கியிருந்தால் அதை வஞ்சகம் என்றும் ஆண் விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்ததை அவர் வரிசையாக எடுத்துக்காட்டினார். ஃபைலோவின் குரலை நாடகத்தின் குரல் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. அந்த வாசிப்பு தவறு என்று துணிந்து சொல்லலாம். நாடகமே ஃபைலோவை முதல் காட்சியோடு அனுப்பிவிடுகிறது. இதற்கு மாறாக, அந்தக் காமம் இழிந்த பழக்கத்தில் பிறந்தது என்பதையும், அதன் ஆழமும் வேகமும் குற்ற உணர்வைக் குறைத்துவிடுகின்றன என்பதையும் ஒரே கணத்தில் உணரவைப்பதே கலை என்று கண்ட கோல்ரிட்ஜ், என் பார்வையில் மற்ற எல்லாரையும்விட நெருங்கி வந்தவர்.

ஏ. சி. பிராட்லியின் தயக்கம் வேறு வகை. 1904ஆம் ஆண்டு நூலில் ஹாம்லெட், ஒதெல்லோ, லியர் அரசன், மக்பெத் நான்கையும் பெருந்துன்பியல்கள் என்று எடுத்துக்கொண்ட அவர், இந்நாடகத்துக்கு மறு ஆண்டு தனிச் சொற்பொழிவு ஒதுக்கினார். இங்கே அச்சமும் இரக்கமும் அந்த அளவுக்குத் தாக்கவில்லை, முடிவில் ஒருவித நிறைவு மிஞ்சுகிறது என்றார். அவர் கண்டது மெய். காரணம், ஆண்டனி இறந்த பிறகும் நாடகம் நெடுந்தூரம் ஓடுகிறது; அழுது முடித்த வாசகர் மீண்டும் எடைபோட உட்கார வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியில்தான் கிளியோபாட்ரா தன் வருங்காலப் பார்வையாளர்களைப் பற்றிப் பேசுகிறாள். ரோமில் தன்னைக் கேலிக்கூத்தாக்குவார்கள், கீச்சுக்குரல் சிறுவன் ஒருவன் தன் வேடம் கட்டித் தன்னை விலைமகளாகக் காட்டுவான் என்று அஞ்சுகிறாள். அன்றைய லண்டன் மேடையில் அந்த வசனத்தைப் பேசியது ஒரு சிறுவன். வரலாற்றிலும் அவள் முற்றிலும் தப்பவில்லை. பாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் அவள் உருவம் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஷாவின் சீற்றம் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டு முன்பே அதற்கான பதிலை அவள் சொல்லிவிட்டாள். கடைசியில் அவள் உடலின் அருகே நிற்கும் சீசர்கூடச் சில வரிகளுக்கு அவள் அழகுக்கு வசப்பட்டே பேசுகிறான்.

நாடகம் திறந்துவைத்த இடைவெளியில் எகிப்தும் ஒரு நாள் நுழைந்தது. ஆக்டியத்தில் கிளியோபாட்ராவின் கப்பல்கள் ஏன் திரும்பின என்பதற்கு ஷேக்ஸ்பியர் தந்த விளக்கம் ஒன்றே: அவள் பயந்தாள், ஆண்டனி பின்தொடர்வான் என்று நினைக்கவில்லை. அதையும் அவளே சொல்கிறாள். நம்புவதா என்பது நம் பாடு. 1920களின் இறுதியில் கெய்ரோவின் கவிஞர் அகமது ஷவ்கி தம் அரபுக் கவிதை நாடகத்தில் அந்த இடத்தையே பற்றினார். ரோமானியர் இருவரும் மோதி அழியட்டும், எகிப்து மிஞ்சட்டும் என்று கணக்குப் போட்டுத் திரும்பிய நாட்டுப்பற்றாளராக அவளைப் படைத்தார். பிரிட்டிஷ் படைகள் இன்னும் எகிப்தில் இருந்த காலம் அது. ஷவ்கியின் வாசிப்பும் ஒரு பக்கச் சார்பு உடையதுதான். ஆனால் ஃபைலோவின் சார்பு நானூறு ஆண்டுகள் நடுநிலை என்று பெயர் வாங்கியிருக்கும்போது இதை மட்டும் சார்பு என்று தள்ளுவது நியாயமில்லை.

எஞ்சியிருக்கும் குற்றச்சாட்டு அறம் சார்ந்தது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரின் காதலைப் பற்றியே நாம் வழக்காடிக்கொண்டிருக்கிறோம், அவர்களுக்காகச் செத்தவர்களை யார் கேட்டார்கள்? இதற்கு நாடகத்தின் நடுவில், சிரியாவில் நிகழும் ஒரு சிறு காட்சியைக் காட்ட விரும்புகிறேன். ஆண்டனியின் தளபதி வெண்டிடியஸ் பார்த்தியரை வென்று, அவர்கள் இளவரசன் பக்கோரஸின் உடலோடு வருகிறான். தொடர்ந்து முன்னேறலாமே என்று சிலியஸ் கேட்கிறான். கீழுள்ளவன் அதிகம் சாதித்தால் மேலுள்ளவனின் பொறாமைக்கு ஆளாவான், ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்கிறான் வெண்டிடியஸ். ஆண்டனியின் பெருந்தன்மையைப் பற்றி ஈனோபார்பஸின் சாவு சொல்வதை இந்தக் காட்சி முன்கூட்டியே மறுக்கிறது. ஃபைலோவின் ஏளனத்துக்கும் இதில் இடமில்லை. இங்கே கிளியோபாட்ரா இல்லை, ஒரு தலைவனின் புகழுக்குக் கீழே பணிபுரிகிறவர்களின் கவனமான அச்சம் மட்டும் இருக்கிறது. மேடையேற்றங்களில் பலமுறை வெட்டப்படும் காட்சி இது. காதலைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் பெரும்பாலும் இதைப் பேசாமலே கடந்திருக்கிறார்கள். இருதரப்பு வாசிப்புகளையும் இனி இந்தக் காட்சியின் முன் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.